வெட்டிய துண்டு ஏன் வளரவில்லை? பிளனேரியா, ஹைட்ரா செய்முறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

காவிரிப் படுகைக் கல்லூரிகளில் இழப்பு மீட்டல் (வெட்டிய உடல் பகுதியை விலங்கு மீண்டும் வளர்த்துக்கொள்வது) செய்முறை தொடங்கிவிட்டால் எல்லா ஆய்வகங்களிலும் ஒரே குறைதான் கேட்கிறது: புத்தகத்தில் வளர்கிறது, எங்கள் தட்டில் சாகிறது. பழியை மாணவர் கத்தியின் மேல் போடுவார், ஆசிரியர் புழுவின் மேல் போடுவார். பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றமில்லை. பிளனேரியா என்ற நன்னீர்த் தட்டைப்புழுவின் உடல் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நியோபிளாஸ்ட் எனப்படும் குருத்து செல்கள். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய அந்தச் சேமிப்பு இருக்கும் வரை புழு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் அதைத் தடுப்பவை தண்ணீர், வெப்பம், தீனி ஆகிய மூன்றுதான். மூன்றில் எது என்பதை அறிகுறி தோன்றும் நேரமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தட்டைப் பார்த்ததும் "என்ன ஆயிற்று" என்று கேட்பதற்கு முன் "எப்போது ஆயிற்று" என்று கேளுங்கள்.

ஒரு முன்னேற்பாடு இல்லாமல் கீழே வரும் எதுவும் பயன்படாது. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அதே தண்ணீரில், அதே வகைத் தட்டில், வெட்டாத புழு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். வெட்டியதும் வெட்டாததும் சேர்ந்து வாடினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். வெட்டியது மட்டும் வாடினால் வெட்டையும் அதற்கு முந்தைய வாரத்தையும் பாருங்கள்.

முதல் சில மணி நேரத்துக்குள் முறுக்கிக்கொண்டு சாகிறது

புழு திருகாணி போலச் சுருள்கிறது, தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, சளியைக் கக்குகிறது. இது நஞ்சு. காயத்தால் புழு இவ்வளவு விரைவாகச் சாகாது. வெட்டிய சில நிமிடங்களில் தசை சுருங்கிக் காயம் குறுகிவிடும், ஒரு நாளுக்குள் தோல் மூடிவிடும்.

முதலில் குளோரினைப் பாருங்கள். கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரானாலும் நகராட்சிக் குழாயானாலும், பிடித்த தண்ணீரை அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் மூடாமல் ஒரு நாளாவது வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள். வாய் குறுகிய கேனில் வைத்தால் குளோரின் வெளியேற வழியில்லை.

அடுத்தது தாமிரம். நம் பகுதியில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் செம்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த தண்ணீர் என்று நினைக்கிறோம். புழுவுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறையில் மாணவர்கள் அதையே கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். மனிதருக்குக் கேடு செய்யாத அளவுத் தாமிரம் பிளனேரியாவையும், குழல் போன்ற உடலுள்ள சிறு நன்னீர் விலங்கான ஹைட்ராவையும் கொன்றுவிடும். பித்தளைக் குழாயில் இரவெல்லாம் நின்று காலையில் முதலில் வரும் தண்ணீரிலும் தாமிரம் இருக்கும். பழைய ஆய்வகங்களில் தாமிரக் கொதிகலன் வைத்த காய்ச்சி வடிக்கும் கருவி இன்னும் ஓடுகிறது. அதிலிருந்து இறங்கும் நீரும் இதே வேலையைச் செய்யும், "காய்ச்சி வடித்தது" என்ற பெயரை நம்பி யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. கண்ணாடி, பிளாஸ்டிக், எவர்சில்வர் தவிர வேறு பாத்திரம் புழுவின் தண்ணீரைத் தொடக் கூடாது.

இவை இரண்டும் இல்லையென்றால் வயலைப் பாருங்கள். வாய்க்கால் தண்ணீரை அப்படியே எடுத்திருந்தால், மேல்மடையில் பூச்சிமருந்து அடித்த நாளும் நீங்கள் பிடித்த நாளும் ஒன்றாக இருந்திருக்கலாம். நரம்பைத் தாக்கும் மருந்துகள் பிளனேரியாவைத் திருகுச்சுருளாக்கும். விசாரித்துவிட்டுப் பிடியுங்கள். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணை வழியாக முதலில் வரும் தண்ணீர் காய்ந்து கிடந்த வாய்க்காலின் கழிவையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அது தெளியும் வரை எந்த விலங்கையும் அதில் வைக்காதீர்கள்.

ஒன்றிரண்டு நாளில் ஓரம் கரைந்து, தண்ணீர் கலங்குகிறது

துண்டின் விளிம்பு வெண்மேகமாகக் கரைகிறது, தட்டில் முடைநாற்றம் அடிக்கிறது. பாக்டீரியாவின் வேலை இது. வழி திறந்துவிட்டது நீங்கள் கொடுத்த தீனி. ஈரல் தின்ற வயிற்றோடு புழுவை வெட்டினால் குடலில் இருப்பது காயத்தின் வழியாக வெளியே வந்து தண்ணீரை அழுகவைக்கும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். பிளனேரியாவுக்கு ஒரு வாரப் பட்டினி ஒன்றுமே இல்லை.

வெட்டிய மறுநாள் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். ஒரு தட்டில் பத்துத் துண்டுகளை அடைக்காதீர்கள். ஒன்று கரைந்தால் மற்றவையும் கரையும். கரையும் துண்டைக் கண்டதும் துளிசொட்டியால் எடுத்துத் தனியே வையுங்கள். தூய நீரில் மீதித் துண்டு பிழைப்பதைப் பல முறை பார்க்கலாம்.

வெட்டும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் பனிக்கட்டியை நிரப்பி மூடுங்கள். மூடியின் மேல் ஈரமான வடிதாளை விரித்து, அதன் மேல் புழுவை விடுங்கள். குளிரில் அது நீண்டு, மெதுவாகி, நின்றுவிடும். புதிய சவர பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுக்கக் கூடாது. அறுத்தால் காயத்தின் ஓரம் கிழிந்து, மூடுவதற்கு நேரமாகும்.

காயம் ஆறிவிட்டது, வெள்ளை மொட்டு வரவில்லை

இருபது டிகிரி சுற்றுப்புறத்தில் இரண்டாவது மூன்றாவது நாளில் வெட்டுமுனையில் நிறமற்ற ஒரு சிறு மொட்டு தெரிய வேண்டும். பிளாஸ்டிமா அதுதான். பழுப்பு உடலின் நுனியில் பால் வெள்ளையாக, கை உருப்பெருக்கியிலேயே தெளிவாகத் தெரியும். ஒரு வாரம் ஆகியும் அது இல்லை, துண்டோ உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது என்றால், கையில் இருப்பது என்ன விலங்கு என்ற கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

படித்துறைக் கல்லுக்கு அடியிலும் ஆகாயத்தாமரை வேரிலும் பிளனேரியாவோடு சிறு அட்டைகளும் இருக்கும். விரலிடுக்கில் பார்க்க இரண்டும் ஒன்றுதான்: பழுப்பு நிறம், தட்டை உடல், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இல்லாத நீளம். தட்டில் விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். பிளனேரியா வழுக்கிக்கொண்டு போகும். அடிப்பக்கத்தில் நுண்மயிர் போன்ற குற்றிழைகள்தாம் அதைத் தள்ளுகின்றன, ஆகவே உடலில் எந்த அசைவும் தெரியாமல் கண்ணாடி மேல் எண்ணெய்த்துளி நகர்வதைப் போல நகரும். அட்டை முன் உறிஞ்சியை ஊன்றி, உடலை வில்லாக வளைத்து, பின் உறிஞ்சியை இழுத்து ஊன்றி, எட்டுவைத்துப் போகும். இன்னும் உற்றுப் பார்த்தால் அட்டையின் உடலில் வளைய வரிகள் தெரியும், பிளனேரியாவில் ஒன்றும் இருக்காது. பல பிளனேரியாக்களுக்குத் தலையில் மாறுகண் போன்ற இரு கண் புள்ளிகள் இருக்கும்: கறுப்புப் புள்ளி, அதன் வெளிப்புறம் வெள்ளை. அட்டை இழந்த கண்டங்களை மீட்பதில்லை. அதை வெட்டிவிட்டு எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை, அது வீண் வதை.

இன்னொரு குழப்பம் மழைக்காலத்தில் வருகிறது. வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத்தோப்பிலும் ஈர மண்ணில், மண்வெட்டி போன்ற அகன்ற தலையும் முதுகில் கோடுகளுமாக நீளப் புழு ஒன்று ஊரும். அது பைபாலியம் என்ற நிலப் பிளனேரியா. அதற்கும் மீட்கும் திறன் உண்டு, ஆனால் தண்ணீர்த் தட்டில் மூழ்கடித்தால் செத்துவிடும். சில பைபாலியம் இனங்களின் உடலில் டெட்ரோடாக்ஸின் என்ற நஞ்சு இருப்பது தெரிந்திருக்கிறது. வெறும் கையால் எடுக்க வேண்டாம்.

விலங்கு சரியானதுதான் என்று உறுதியானால் வெட்டிய இடத்தைப் பாருங்கள். கண்களுக்கு முன்னால் இருக்கும் நுனியிலும், உடலின் நடுவே இருக்கும் தொண்டைக்குழலிலும் நியோபிளாஸ்ட் இல்லை. அந்தத் துண்டுகள் மட்டும் தனியாக வளராது. தாமஸ் ஹன்ட் மார்கன் 1898-இல் பிளனேரியாவைத் துண்டு துண்டாக வெட்டி, உடலின் 279-இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டும் முழுப் புழுவாகும் என்று கணக்கிட்டபோதே இந்த இரண்டு விதிவிலக்குகளையும் கவனித்துவிட்டார். பழ ஈயில் மரபியல் ஆய்வு செய்து 1933-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவர்தான். அவர் ஈக்கு வருவதற்கு முன் புழு வெட்டியவர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், கையில் பிளேடு இருக்கும்போது அந்தச் செய்தி நன்றாகப் பதிகிறது.

இனமும் காரணமாகலாம். எல்லாப் பிளனேரியாவும் ஒரே திறனுடையவை அல்ல. டென்ட்ரோசீலம் லாக்டியம் என்ற ஐரோப்பிய வெள்ளைப் பிளனேரியாவின் பின்பாதியை வெட்டினால் புதிய தலை வராது. 2013-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் இப்படிப்பட்ட இனங்களை எடுத்துக்கொண்டு, வாலைத் தீர்மானிக்கும் விண்ட் என்ற சமிக்ஞையை அடக்கியதும் அந்தப் பின்பாதியிலும் தலை வந்தது. செல் இருந்தது, வழிகாட்டும் கட்டளைதான் தடுத்துக்கொண்டிருந்தது. நீங்கள் பிடித்த புழுவின் முன்பாதி வளர்ந்து பின்பாதி எப்போதும் தேங்கி நின்றால் அதைத் தோல்வி என்று குறிக்காதீர்கள். இடம், தேதி, நிறம், கண்ணின் அமைப்பு ஆகியவற்றோடு பதிவு செய்யுங்கள். நம் வாய்க்கால்களில் எந்தெந்த இனம் இருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவோர் மிகக் குறைவு.

"நியோபிளாஸ்டுதான் எல்லாம் செய்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று மாணவர் கேட்பார். எக்ஸ் கதிர் பட்டுக் குருத்து செல்கள் அழிந்த புழு எதையும் மீட்காது, சில வாரங்களில் செத்துவிடும். அப்படிச் சாகவேண்டிய புழுவுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தி, அதிலிருந்து பெருகிய செல்களால் முழு உடலையும் மீட்டெடுத்ததை 2011-இல் காட்டினார்கள்.

தலை வந்தது, கண் ஒன்றுதான்

ஏழெட்டு நாள் பொறுங்கள். கண் புள்ளி நான்காவது நாளிலிருந்து ஆறாவது நாளுக்குள் தொடங்கும், இரண்டும் சேர்ந்தே வரும் என்ற கட்டாயமில்லை. சாய்வாக வெட்டியிருந்தால் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும்.

இரண்டு தலை வந்துவிட்டது

இதைப் பிழை என்று எழுதி வந்த மாணவரை அணைத்துக்கொள்ளத் தோன்றும். முதலில் எந்த வகை இரட்டைத்தலை என்று பாருங்கள்.

தலையை நடுக்கோட்டில் பிளந்து, பாதிகள் மீண்டும் ஒட்டிவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒட்டவிடாமல் மறுநாளும் அதே கோட்டில் பிளந்துவிட்டால் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியை வளர்த்துக்கொள்ளும், ஒரே திசை பார்க்கும் இரண்டு தலைகள் வரும். இது வெட்டால் விளைந்தது.

முன்னும் பின்னும் எதிரெதிராகத் தலை வந்தால் அது வேறு. குறுக்குத் துண்டு மிகக் குறுகலாக இருந்தால் எது முன், எது பின் என்ற வேறுபாடு அதற்குள் போதிய அளவு இருக்காது, இரு முனையும் தலையாகிவிடும். மார்கனே இதைக் கண்டிருக்கிறார். அவருக்குக் கிடைக்காத விளக்கம் 2008-இல் கிடைத்தது: பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தின் மரபணுவை அடக்கினால், வால் வர வேண்டிய காயத்தில் தலை வருகிறது. அது செயல்பட்டால் வால், அடங்கினால் தலை. சரியான விளைவு வேண்டுமென்றால் துண்டை அகலமாக வெட்டுங்கள். ஆனால் ஒரு தட்டில் வேண்டுமென்றே குறுகலாக வெட்டி வையுங்கள் என்பதே என் பரிந்துரை. பாடநூலில் பத்து வரியில் இருக்கும் துருவத்தன்மையை மாணவர் தம் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

முழுதாக வளர்ந்தது, ஆனால் சிறுத்துவிட்டது

இது பிழையே அல்ல. வாயும் தொண்டைக்குழலும் உருவாகும் வரை புழுவால் தின்ன முடியாது, பழைய திசுவை அழித்துப் புதிய அளவுக்கு மாற்றிக்கொள்கிறது. பத்து நாளுக்குப் பிறகு ஊசிமுனை அளவு கோழி ஈரல் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள்.

ஹைட்ரா பந்தாகச் சுருண்டு கிடக்கிறது

உணர்விழைகள் குட்டையாகி நுனி தடித்தால் தண்ணீர் சரியில்லை. தாமிரத்தைப் பற்றி மேலே சொன்னது ஹைட்ராவுக்கு இரு மடங்கு பொருந்தும். தாமிரமும் இல்லை, குளோரினும் இல்லை என்றால் கேன் தண்ணீரைக் கேளுங்கள். ஆர்ஓ எந்திரத்தில் வடித்த தண்ணீரில் கால்சியம் மிகக் குறைவு, ஹைட்ராவோ கால்சியம் இல்லாமல் தலையை மீட்காது. தூய நீர் ஒரு லிட்டரில் இரு நீர் மூலக்கூறுள்ள கால்சியம் குளோரைடு 147 மில்லிகிராம், சோடியம் பைகார்பனேட் 84 மில்லிகிராம் கரைத்தால் இரண்டும் ஒரு மில்லிமோலார் ஆகும். தொடங்க இது போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக் கல்லூரிகளில் இதற்கு நேர்மாறான தொல்லை: ஆழ்குழாய் நீர் உப்பு. அங்கே மழைநீரைச் சேமித்து அதில் இந்த உப்புகளைக் கரைப்பதே நல்லது.

தீனி கொடுத்த மறுநாள் சுருண்டால், தீனியாகக் கொடுத்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலைப் பாருங்கள். இறால் குஞ்சு பொரிப்பகம் வைத்திருப்பவர்களிடம் முட்டை கிடைக்கும், உப்புநீரில் பொரிக்க வேண்டும். பொரித்த குஞ்சுகளை வலையில் வடித்து, ஹைட்ராவின் தண்ணீரிலேயே நன்றாக அலசாமல் கொடுத்தால் கூடவே உப்பும் போகும்.

தலை வெட்டிய துண்டில் இரண்டு மூன்று நாளில் உணர்விழை முளைக்க வேண்டும். வெறும் உணர்விழையை வெட்டி வைத்தால் அது வளராது. பக்கவாட்டில் தலை வந்திருந்தால் பெரும்பாலும் அது மொட்டு, வெட்டுவதற்கு முன்பே அங்கே இருந்தது. மொட்டில்லாத ஹைட்ராவையே தேர்ந்தெடுங்கள். மொட்டும் இல்லையென்றால் இரண்டு வெட்டுத்துண்டுகள் தொட்டுக்கொண்டு ஒட்டியிருக்கும். ஈதல் பிரவுன் 1909-இல் ஒரு ஹைட்ராவின் வாய்ப்பகுதித் திசுவை இன்னொன்றின் உடலில் ஒட்டி, அங்கே முழுதாகப் புதிய தலையும் உடலும் எழுவதைக் காட்டினார். நீர்ப்பல்லிக் கருவில் இதே போலத் திசுவை ஒட்டிக் காட்டி, கருவியலில் புகழ்பெற்ற ஷ்பேமான், மங்கோல்ட் சோதனை வெளிவந்தது 1924-இல். முன்னோடியாகிய அந்தப் பெண்ணின் பெயர் நம் வகுப்புகளில் வருவதே இல்லை, வரவேண்டும்.

மண்புழுவை வெட்டினேன், இரண்டாகவில்லை

ஆகாது. உரக்குழியில் வளர்க்கும் யூட்ரிலஸ் யூஜீனியே இனத்தில் கிளைட்டெல்லம் என்ற தடித்த வளையம் இருக்கும் துண்டே பிழைத்து வளரும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் அதைவிடத் திறமையானது, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மீட்கும். எந்த இனம் என்று தெரியாமல் வெட்ட வேண்டாம்.

மீனிலும் தலைப்பிரட்டையிலும் செய்து பார்க்கலாமா

ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாதியும் உடன் ஆய்வாளர்களும், வால் வெட்டிய தலைப்பிரட்டைக்கு வைட்டமின் ஏ கொடுத்து, வால் வர வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்ததை 1992-இல் வெளியிட்டார்கள். இதைச் சொன்னதும் மருந்துக்கடை மாத்திரையும் குளத்துத் தலைப்பிரட்டையுமாக யாராவது வந்து நிற்பார். அனுமதிக்காதீர்கள். தவளையும் மீனும் முதுகெலும்புள்ளவை. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அவற்றின் உடலில் கை வைக்கக் கூடாது.

ஒப்புதல் பெற்று ஜீப்ரா மீனின் வால் துடுப்பில் செய்பவர்களுக்கு: 28 டிகிரியில் இரண்டு வாரத்தில் துடுப்பு ஏறக்குறைய முழுமையடையும். வளரவே இல்லையென்றால் துடுப்பின் அடித்தளம் வரை வெட்டியிருப்பீர்கள், துடுப்புக்கதிர்களில் பாதிக்கு மேல் விட்டு வெட்டுங்கள். கூட இருக்கும் மீன் கடித்தும் வளர்ச்சி தேங்கும், ஆற வைக்கும் நாட்களில் தனித் தொட்டி வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தது, சித்திரையில் கூட்டமே குறைகிறது

வெப்பம்தான். ஆய்வகத்துக்குள் மதியம் 33, 34 டிகிரி ஆகும்போது ஹைட்ரா முதலில் போகும், பிளனேரியா தலைப்பக்கம் தேய்ந்து பின்னால் போகும். இரண்டுக்கும் 18 முதல் 24 டிகிரி உகந்தது. குளிர்சாதன அறை இல்லாத கல்லூரிகளில் அகன்ற மண்தொட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதன் மேல் தட்டுகளை வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோடும் தரை மூலையில் வையுங்கள். மின்வெட்டிலும் இது வேலை செய்யும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் பலன் குறையும், அன்று பக்கத்தில் பனிக்கட்டிப் புட்டி ஒன்று வேண்டும். இந்த மாதங்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள், வெட்டவே வேண்டாம். செய்முறையை மார்கழி, தை மாதங்களுக்கு மாற்ற முடிந்தால் பாதித் தொல்லை நீங்கும்: இரவு குளிர்ச்சி, வழக்கமாக மேட்டூர் அணை மூடும் ஜனவரி 28 வரை வாய்க்காலில் தண்ணீர், படித்துறைக் கல்லில் புழு.

கையிருப்பு தீர்ந்துவிட்டால் மதகுக் கட்டுமானத்தின் நிழல் பக்கத்தில், வலைத்துணியில் முடிந்த ஈரல் துண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். வந்தவற்றைப் பழைய தொட்டியில் கொட்டாமல் இரண்டு வாரம் தனித்தட்டில் வைத்து, எட்டுவைக்கும் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, வழுக்கிப் போகிறவற்றை மட்டும் சேருங்கள்.